கல்லுக்கடியில் நான் வைத்த புதையல்

அந்த நாவலின் முதல் அத்தியாயத்தில் கதாநாயகி மழையில் நனைகிறாள். நான் எழுதிய எல்லா நாவல்களிலும் அவள் நனைந்திருக்கிறாள். ஒன்றில் மழைக்கு வழியில்லாத கோடைக்காலமாகப் போய்விட்டதால் திற்பரப்பு அருவியில் தள்ளிவிட்டேன். நனைந்த பிறகு கதாநாயகன் வருவான், கோட்டைக் கழற்றி அவள் தோளில் போர்த்துவான், அவள் முறைப்பாள். இதையெல்லாம் எழுதும்போது எனக்குக் கூச்சமே இருந்ததில்லை. இப்போது நினைத்தால் வாயில் காறல் எடுக்கிறது.

கொட்டாரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை மேடைதான் என் எழுத்து மேசை. பகலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. வந்ததும் அரிசியைக் களைந்து அடுப்பில் போட்டுவிட்டு, அது வேகும் நேரத்தில் கைபேசியில் கட்டைவிரலால் ஒரு அத்தியாயம் தட்டுவேன். நாவல்களைத் தொடராக வெளியிடும் ஒரு ஆப்பில் புனைபெயரில் போடுவேன். புனைபெயர் பூவின் பெயர். எந்தப் பூ என்று சொல்லமாட்டேன், அந்தச் செடியைப் பார்த்தாலே இப்போது பிடிப்பதில்லை. எழுதுவது நான்தான் என்று என் கணவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பள்ளியில் என்ன சொல்வார்கள், உறவுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை அடக்கம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆப்பிலிருந்து சென்னையில் இருக்கும் ஒரு பெண் மாதம் ஒருமுறை பேசுவாள். எங்கள் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை மாதிரிக் குரல். "மேம், வெறும் லவ் ஸ்டோரி இப்ப போறதில்ல. லவ் பிளஸ் சஸ்பென்ஸ் குடுங்க. பழைய ஊரு, அரண்மனை, புதையல் அப்படின்னா சூப்பரா போகும். உங்க ஊருப் பக்கம் அதெல்லாம் நிறைய இருக்குமே?" என்றாள்.

இருந்தது. என் கணவரின் அக்கா, அதாவது எனக்கு மைனி, பத்மநாபபுரத்தில் கோட்டைக்குள் ஒரு பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள். என்னைவிட இருபது வயது மூத்தவள். அவள் கணவர் இறந்து வெகுகாலம். மகன் மஸ்கட்டில். வந்து தன்னோடு இருக்கும்படி அவன் எத்தனையோ தடவை விளித்தும் மைனி போகவில்லை. ஊர் மாறினால் உறக்கம் வராது என்பாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் போய்ப் பார்த்து, ஒருநாள் தங்கி வருவேன். என்னை அவளுக்குப் பிடிக்கும். எனக்கும் அவளைப் பிடிக்கும். இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், இல்லையென்றால் நான் செய்ததன் கனம் யாருக்கும் புரியாது.

அவள் வீட்டின் பின்கட்டில் கிணறு. கிணற்றைத் தாண்டி, மதில் மூலையில், ஒரு உடைந்த அம்மிக்கல் பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. விளக்கேற்றும் நேரத்தில் மைனி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய் அந்தக் கல்லைச் சுற்றி ஊற்றுவாள். பூ வைக்கமாட்டாள், திரி கொளுத்தமாட்டாள், கும்பிடவும் மாட்டாள். ஊற்றிவிட்டுச் செம்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள். ஒருமுறை கேட்டேன்.

"அங்க என்னத்துக்கு மைனி வெள்ளம் ஊத்துகிய?"

"செடிக்கு ஆக்கும்" என்றாள்.

அங்கே செடி எதுவும் இல்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பெற்றவர்களோ கூடப்பிறந்தவர்களோ அப்படி ஒரு பொய் சொன்னால், ஏதோ வலி என்று விலகிப் போவோம். எனக்கு அன்று என்ன தோன்றியது தெரியுமா? ஆகா, இது அத்தியாயம் மூன்றுக்கு ஆகும் என்று தோன்றியது.

நாவலை எழுதினேன். கோட்டைக்குள் பழைய வீடு. அதில் மகன் விளித்தும் போகாமல் தனியாக இருக்கும் ஒரு கிழவி. எதையோ காவல் காப்பதால்தான் அவள் போகவில்லை. தினமும் மாலையில் மூலையில் கிடக்கும் ஒரு கல்லுக்குப் பால் ஊற்றுகிறாள். தண்ணீரைப் பாலாக்கியதுதான் என் கற்பனைத் திறன். கல்லுக்கடியில் பழைய ராஜ்யத்து மந்திரி ஒருவர் ஒளித்துவைத்த பொற்குடம். அதைக் கண்டுபிடிக்க வருகிறவன் கதாநாயகன், தொல்லியல் அதிகாரி, கழுத்தில் அடையாள அட்டை, ஆறடி உயரம். கிழவியின் பேத்தி கதாநாயகி, நனைந்தவள். குடத்தை ஒரு பூதம் காக்கிறது. அதற்கு எலுமிச்சம்பழத்தைக் குங்குமத்தில் புரட்டிப் பிளந்து வைத்து, சேவலை அறுத்து ரத்தம் சிந்தினால்தான் வழிவிடும். இந்தச் சடங்கை எந்த ஓலையிலும் நான் வாசிக்கவில்லை. புழுங்கலரிசி வேக நேரமானதால், சோறு வடிக்கும்வரை சும்மா நிற்காமல் யோசித்துச் சேர்த்தது.

அந்தக் கல்லின்மேல்தான் அவர்கள் இருவரையும் உட்கார வைத்து முதல் முத்தம் கொடுக்கச் செய்தேன். அத்தியாயம் பன்னிரண்டு. அதற்குத்தான் அதிகம் பேர் இதயம் அழுத்தினார்கள்.

இதோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்றிருக்கலாம். அட்டைப்படத்துக்கு வரைந்த படம் வேண்டாம், நிஜமான இடத்தின் போட்டோ இருந்தால் வாசகர்கள் நம்புவார்கள் என்றாள் சென்னைப் பெண். அடுத்த தடவை போனபோது, மைனி எனக்குக் காப்பி போட உள்ளே போன நேரம் பார்த்து, பின்கட்டில் இறங்கி அந்தக் கல்லைப் படம் எடுத்தேன். பின்னணியில் கிணற்றின் கப்பித்தூணும், மதிலுக்கு மேலே அந்தக் காலத்துக் கோட்டைச் சுவரின் ஒரு துண்டும் விழுந்தன. வெயில் சாய்ந்து நன்றாக விழுந்திருந்தது. ஒரு படம் போதாதென்று நாலு எடுத்தேன். காப்பியோடு வந்தவள் "வெயில்ல என்ன பிள்ளே செய்யுக, கேறி வா" என்றாள். பூனைக்குட்டி என்று சொன்னேன். பூனைக்குட்டியைத் தேடி அவளும் மதிலோரம் எட்டிப் பார்த்தாள். கள்ளிக்கு வாயில் வருவதெல்லாம் பொய்தானே.

நாவல் ஓடியது. கீழே வந்த கருத்துகளை வாசித்தால் குளிக்கத் தோன்றும். கதாநாயகனின் புஜம் பற்றிப் பாதிப் பேர், குடம் பற்றி மீதிப் பேர். "மேடம், இது உண்மைக் கதையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பொய் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். "சில கற்கள் பேசும். கோட்டைக்குள் போய்க் கேட்டுப் பாருங்கள்" என்று எழுதி ஒரு கண்சிமிட்டும் பொம்மையும் போட்டேன். நாற்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள், கண்சிமிட்டும் பொம்மை போட்டேன்.

போய்க் கேட்டார்கள். கப்பித்தூணையும் சுவரையும் வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நாள் ஆகவில்லை. அரண்மனை பார்க்க வருகிறவர்கள் அப்படியே இந்தத் தெருவுக்கும் வரத் தொடங்கினார்கள். முதலில் மைனிக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் கேட்டு வருகிறார்கள் என்று நினைத்து மோர் கலக்கிக் கொடுத்திருக்கிறாள். பிறகு ஒருநாள் எனக்கு ஃபோன் செய்தாள்.

"கேட்டியா, கல்யாணம் உறப்பிச்ச பிள்ளையும் பையனும் படம் பிடிக்கணும்னு வந்துது. கெணறு கொள்ளாம், நல்லா இருக்குன்னு சொல்லிச்சு, சரி எடுத்துக்கோன்னு விட்டேன். நான் அடுக்களைக்குப் போயிட்டு வரும்போ அந்தப் பெண்ணு கல்லுக்க மேல இருக்கா. அவன் குனிஞ்சு நிக்கான். எனக்கு எங்கேருந்து அப்படி ஒரு கோவம் வந்துதுன்னே தெரியல்ல. எந்திச்சுப் போடின்னு விளிச்சிட்டேன். பாவம், அழுதுட்டுப் போச்சு."

"ஏதோ தெரியாம செஞ்சிருக்கும் மைனி" என்றேன்.

"எவளோ ஒருத்தி கதை எழுதியிருக்காளாம். இந்த வீட்டைப் பத்தி. கல்லுக்கக் கீழ பொன்னு இருக்காம். நீ வாசிக்கக்கூடியவளாச்சே, ஆருன்னு கேட்டுப் பாக்கியா? சொல்லி நிப்பாட்டலாம்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான்தான் மைனி, மன்னிச்சிருங்க, இன்றைக்கே எடுத்துவிடுகிறேன். இவ்வளவுதான், ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். "பாக்கேன் மைனி" என்று சொல்லி ஃபோனை வைத்தேன். வைத்துவிட்டுச் சென்னைப் பெண்ணைக் கூப்பிட்டு நாவலை எடுக்கச் சொன்னேன். "டாப் டென்ல இருக்கு மேம், இப்பப் போய் எடுக்கறதா? அக்ரிமென்ட் படி உங்களால எடுக்கவும் முடியாது" என்று சிரித்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. முயற்சி செய்தாயிற்று, இனி என் குற்றமில்லை என்று. அந்த நிம்மதியை நினைக்கும்போதுதான் எனக்கு என்மேல் அதிகம் அருவருப்பு வருகிறது.

பிறகு ஒருவன் தரையில் ஆட்டினால் கூவும் ஒரு கம்பியோடு வந்து மதிலுக்கு வெளியே நின்று வீடியோ எடுத்திருக்கிறான். கம்பி கூவிய இடத்தைத் தோண்டினால் துருப்பிடித்த கதவுக் கீல். ஆனாலும் வீடியோவுக்கு "கூவியது பூதமா?" என்று தலைப்பு. அதன் கீழும் கூட்டம். மைனி முன்வாசலுக்குப் பூட்டு வாங்கிப் போட்டாள். இருபத்துநாலு மணிநேரமும் வீட்டை விட்டு இறங்காமல் கிடந்தாள். கடைக்குப் போவதில்லை, கோயிலுக்குப் போவதில்லை. கண்ணில் புரை முற்றிப்போயிருந்தது, ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டேன் என்றாள். மகன் மஸ்கட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "அத்தே, நீங்க சொன்னா அம்மை கேப்பா" என்றான். அத்தை போனேன். கட்டாயப்படுத்தி நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

ஆக, அவளை அன்று அந்த வீட்டைவிட்டுக் கிளப்பிக்கொண்டு போனவளும் நான்தான்.

கண்ணில் சொட்டு விட்டு உட்காரவைத்தார்கள். மைனி என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். இப்போது சொல்லலாம், முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை, சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு குழந்தை வீறிட்டது, அது அடங்கட்டும் என்றிருந்தேன். அடங்கியதும் நர்ஸ் விளித்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் வாய் திறந்தே விட்டேன்.

"மைனி, ஒரு காரியம் சொல்லணும்."

"சொல்லு பிள்ளே."

"சொட்டு மருந்து மூணு நேரம் விடணும்னு டாக்டர் சொன்னாரு."

"அது நானும் கேட்டேனே" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. முன்வாசல் பூட்டு தொங்கியபடியே இருந்தது. கால் கழுவ நேராகப் பின்கட்டுக்குப் போனோம். அவளுக்குச் சொட்டு மருந்தில் கண் மங்கியிருந்தது. கையை நெற்றிக்கு மேல் வைத்து மூலையைப் பார்த்தாள்.

"அங்க என்ன கறுப்பா கெடக்கு?"

குழி கிடந்தது. இடுப்பளவு ஆழம். அம்மிக்கல்லைப் புரட்டித் துணி துவைக்கும் கல்லோரம் தள்ளியிருந்தார்கள். மண் கிணற்றுச் சுவர்வரை சிதறிக் கிடந்தது. குழியின் நாலு மூலையிலும் பிளந்த எலுமிச்சம்பழம், குங்குமத்தில் புரட்டி. நடுவே ஒரு சேவலின் தலை, கண் பாதி திறந்தபடி. ஈக்கள் மொய்த்தன. ரத்தம் கறுத்து மண்ணோடு கட்டி தட்டியிருந்தது. அத்தியாயம் பதினெட்டில் நான் எழுதியபடி அப்படியே, ஒன்றுகூடக் குறையாமல். எலுமிச்சம்பழத்தின் பிளந்த பக்கம் கிழக்குப் பார்த்து இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தேன். கிழக்குப் பார்த்துத்தான் இருந்தது.

பக்கத்துவீட்டுக்காரி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "நாலு பேரு வந்தானுவ. கவர்மென்ட் ஆளுவன்னு சொன்னானுவ. கழுத்துல கார்டு தொங்கிச்சு. நீங்க சம்மதிச்சிட்டுத்தான் போயிருக்கியன்னு சொன்னானுவ, நானும் நம்பிட்டேன். பின்மதில் ஏறி எறங்கினானுவ." மூச்சு விட்டுவிட்டு, அடக்கமாட்டாமல் கேட்டாள். "உள்ளதாக்கும், என்னமோ கெடச்சுதே? வெள்ளிக் கம்பி மாதிரி சின்னதா ஒண்ணை அதுல ஒருத்தன் தொடச்சுப் பையில போட்டான். வேற என்னெல்லாம் இருந்துது?"

மைனி புடவையை முழங்காலுக்கு மேல் வாரிச் செருகினாள். நான் பிடிப்பதற்குள் குழிக்குள் இறங்கிவிட்டாள். சேவல் தலையை எடுத்து வெளியே எறிந்தாள். உட்கார்ந்து, மங்கிய கண்ணோடு, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி விரலிடுக்கில் விட்டுத் தடவிப் பார்த்தாள். கட்டியை உடைத்தாள். மறுபடி அள்ளினாள்.

"என்ன தேடுகிய மைனி? கேறி வாங்க. மைனி."

"எனக்க மவள" என்றாள்.

மண்ணைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், துண்டு துண்டாகச் சொன்னாள். மகனுக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை. இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கெட்டினார்கள். வெள்ளி அரைஞாண், பிள்ளைக்க அப்பா கொண்டுவந்தது. கெட்டி மூன்றாம் நாள் பிள்ளைக்கு ஜன்னி கண்டது, விடியும் முன் போய்விட்டது. பல் முளைக்காத பிள்ளையை எங்கள் பக்கத்தில் எரிப்பதில்லை, வீட்டு வளாகத்திலேயே குழி வெட்டி வைத்துவிடுவார்கள். அதற்குத் திதி கிடையாது, விளக்கு கிடையாது, அடையாளம் வைக்கக்கூடாது. பேசவும் கூடாது. பேசினால் அடுத்த பிள்ளை தங்காது என்று பெரியவர்கள் வாயைக் கட்டிவிடுவார்கள். அரைஞாணைக் கழற்றச் சொன்னார்களாம். கழற்ற இவள் விடவில்லை. கல்லும் இவள் வைத்ததுதான். உடைந்த அம்மியைத் தூரக் களையச் சொன்னபோது, உருட்டிக்கொண்டுபோய் அங்கே போட்டாள். அது யாருக்கும் அடையாளமாகத் தெரியவில்லை. இடம் தப்பிவிடக்கூடாது என்று தினமும் ஒரு செம்பு தண்ணீர்.

"வெயில் காலத்துல மண்ணு சுடுமில்லா" என்றாள்.

அந்தக் கல்லின்மேல்தான் நான் அவர்களை உட்காரவைத்து முத்தமிடச் செய்தேன். மறுபடி சொல்கிறேன், நானே கேட்டுக்கொள்வதற்காக.

எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. ஒரு மாதப் பிள்ளையின் எலும்பு நாற்பது வருடத்துக்குப் பிறகு எங்கே இருக்கும்? மண்ணாகியிருக்கும். எந்த மண் என்று தெரியாது. "எல்லாத்தையும் வாரு" என்றாள். கிணற்றுச் சுவரிலிருந்தும் துவைக்கும் கல்லிடுக்கிலிருந்தும், சேவல் ரத்தம் பட்ட கட்டிகளை மட்டும் ஒதுக்கிவிட்டு, இரண்டு பேருமாகப் பனையோலைக் கடவத்தில் வாரி வாரிக் குழியில் போட்டோம். பக்கத்துவீட்டுக்காரி போலீசுக்குச் சொல்லலாம் என்றாள். சொன்னால் கல்லுக்கடியில் என்ன இருந்தது என்று சொல்லவேண்டி வரும், பார்க்கவேண்டும் என்று அவர்களும் தோண்டுவார்கள், ஒருதடவை தோண்டியது போதும் என்று மைனி சொல்லிவிட்டாள்.

பாதி வாரியபோது என் ஃபோன் அடித்தது. சென்னைப் பெண். மண் கையோடு எடுத்துவிட்டேன். "மேம், செம! நிஜமாவே யாரோ தோண்டியிருக்காங்களாம். ஏதோ வெள்ளி நகை எடுத்ததா வீடியோ வந்திருக்கு. ரீடிங் எகிறுது. சூட்டோட சூடா பார்ட் டூ அனௌன்ஸ் பண்ணலாமா?" குரல் அவ்வளவு உரக்க. மைனி இரண்டடி தள்ளித்தான் நின்றாள். கேட்டிருக்குமோ என்ற பயத்தில்தான் நான் ஃபோனை அணைத்தேன். சென்னைப் பெண்ணைத் திட்டவேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை. பிள்ளையை இழந்தவள் மண் வாரிக்கொண்டு நிற்கிறாள், எனக்குக் கவலை என் பெயர் வெளியே வருமா என்பது.

கல்லைத் திரும்ப உருட்டி வைத்தோம். குளித்தோம். மைனி ஈரத்தலையோடு அடுக்களைப் படியில் உட்கார்ந்தாள். நான் சொட்டு மருந்தை விட்டேன். கண்ணை மூடியபடி சொன்னாள்.

"பேப்பரும் பேனாவும் எடு. ஒரு கடுதாசி எழுதணும்."

"ஆருக்கு மைனி?"

"கதை எழுதினவளுக்கு."

எடுத்தேன். என் கைப்பையில் எப்போதும் இருக்கும். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அவள் சொன்னபடியே எழுதினேன், ஒரு வார்த்தையைக்கூட அழகாக்கவில்லை. முதல் தடவையாக.

"கதை எழுதின பிள்ளைக்கு எழுதுகது. அந்தக் கல்லுக்கக் கீழ கெடந்தது எனக்க மூத்த மவ. முப்பத்தொண்ணு நாள் இருந்தா. பொன்னு ஒண்ணும் இல்ல. இடுப்புல ஒரு வெள்ளி அரைஞாண் உண்டும், அதைக் கொண்டு போயிட்டானுவ. அது கெடச்சா நல்லது, கெடைக்காதுன்னு எனக்குத் தெரியும். நான் அவளைப் பத்தி ஆருகிட்டயும் பேசினது இல்ல. பேசாம இருந்தா காப்பாத்தலாம்னு நெனச்சேன். இருபத்தெட்டுக்கு அவ காதுல மூணு தடவை பேரு விளிச்சோம். ரெண்டு நாளு அந்தப் பேரைச் சொல்லி எடுத்துக் கொஞ்சினேன்."

நிறுத்தினாள். நான் பேனாவைத் தூக்கிக் காத்திருந்தேன்.

"பேரு என்ன மைனி?" என்று கேட்டேன்.

"அது எழுதாண்டாம். எழுதினா அதையும் கதையில போடுவா."

நான் தலையைத் தூக்கவில்லை. அந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

"வேற என்ன எழுத?" என்றேன்.

"அவ்வளவுதான். மடக்கு."

மடக்கினேன். பழக்கத்தில், அலுவலகத்தில் கேட்பதுபோல் கேட்டேன்.

"அட்ரஸ் என்ன போட?"

மைனி கண்ணைத் திறந்தாள். மருந்து வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அட்ரஸ் என்னத்துக்கு? அவ வாசிச்சாச்சில்லா" என்றாள்.

எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. என்னோடு நெய்யூருக்குக் கிளம்பி வந்தபோது தெரிந்திருந்ததா, ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தபோது தெரிந்திருந்ததா, என்னிடம் மவளைப் பற்றிச் சொன்னபோது தெரிந்திருந்ததா? மன்னிப்பும் கேட்கவில்லை. அவள் படியைப் பிடித்து எழுந்து உள்ளே போய்க் காப்பி போட்டாள். இரண்டு டம்ளர் கொண்டுவந்து ஒன்றை எனக்கு வைத்தாள். வழக்கம்போல எனக்குச் சீனி குறைவு.

குடித்தேன்.